மருந்து பட்ட நிலம்

பொன்மணி தன் உளுந்துக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தபோது வடக்கேயிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. ரோட்டில் யாரோ பைக்கை அணைக்காமல் நின்று பேசுகிறார்கள் என்று முதலில் நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால், பெத்தம்மாளின் குதிரைவாலிக்கு அந்தப் பக்கம், லிங்கராஜின் மக்காச்சோளத்துக்கு மேலே ஒரு ட்ரோன் போய்க்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து புகை மாதிரி மருந்து இறங்கியது. நேராக இறங்கவில்லை. மார்கழி பிறந்து நாலு நாளாகியிருந்தது. வாடைக்காற்று அதைச் சாய்த்துத் தெற்கே, பெத்தம்மாளின் குதிரைவாலி மேல் கொண்டுவந்து போட்டது.

களைக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு நாள் முன்பு பெய்த மழை இன்னும் காயவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கரிசல் மண் பாதத்தில் அப்பிக் கனத்தது. ஓடுவதாக அவள் நினைத்துக்கொண்டாளே தவிர, நடக்கத்தான் முடிந்தது.

"நிப்பாட்டு! ஏய், நிப்பாட்டுங்கேன்!"

வரப்பின் அந்தக் கடைசியில் முகத்தைத் துப்பட்டாவால் மூடி, தொப்பி வைத்து, கையில் ரிமோட்டுடன் ஒரு பெண் நின்றாள். பொன்மணி கையை ஆட்டியதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. எதையோ அழுத்தினாள். ட்ரோன் அந்தரத்தில் நின்றது.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தியா? பூராவும் அந்தக் குதிரைவாலியில போயி விழுதே!"

"காத்து அளவுக்குள்ளதான் இருக்குக்கா. இந்தா, இதுல காட்டுது பாருங்க. இதுக்கு மேல போச்சுன்னா நாங்களே பறக்கவிட மாட்டோம்."

"அளவுக்குள்ள அடிச்சா பக்கத்துக் காட்டுல விழாதா?"

அந்தப் பெண் ட்ரோனை இறக்கிவிட்டு, முகத்துத் துணியை அவிழ்த்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பெயர் முத்துச்செல்வி. கழுகுமலைப் பக்கம் ஒரு மகளிர் குழு; பத்துப் பெண்கள் சேர்ந்து வாங்கிய ட்ரோன்; அதை ஓட்டப் பயிற்சி எடுத்தவள் இவள் ஒருத்திதான். "நாங்களும் உங்கள மாதிரி சங்கந்தான்க்கா" என்றாள், மருந்தே தொடாத தன் விவசாயச் சங்கத்தைப் பற்றிப் பொன்மணி சொன்னதும். திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்த வார்த்தைகள் பொன்மணிக்கு அங்கேயே நின்றுபோயின.

அதற்குள் லிங்கராஜ் வந்துவிட்டான். பொன்மணியின் கணவனுக்குச் சித்தப்பா மகன். அவன் கோபப்படவில்லை. ஒரு மக்காச்சோளச் செடியைப் பிடுங்கி, குருத்தை விரித்து அவளிடம் காட்டினான். உள்ளே பச்சையும் பழுப்புமாக ஒரு படைப்புழு சுருண்டு கிடந்தது. குருத்து முழுவதும் மரத்தூள் மாதிரி அதன் எச்சம்.

"மொத வெதைப்பு பூராவும் இப்படித்தான் போச்சு மதினி. இது ரெண்டாவது. ஆளை வச்சு அடிக்கலாம்னா ஆளு எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா தம்பி."

"சொன்னா அடிக்காதன்னு சொல்லுவீய. நான் அடிக்காம இருக்க முடியாது. பெறகு எதுக்குச் சொல்ல?"

இனிமேல் தெற்கு ஓரத்தில் இருபது வரிசையை விட்டுவிட்டு அடிப்பது என்று பேசி முடித்தார்கள். ஆனால் அன்றைக்கு முத்துச்செல்வி வேலையைத் தொடங்கியதே தெற்கு ஓரத்திலிருந்துதான். அந்த வரிசைகளில் எல்லாம் அடித்து முடித்தாயிற்று.

பொன்மணி தலைவியாக இருந்த சங்கத்தில் பதினேழு குடும்பங்கள். எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள அவர்கள் கிராமத்தில், மூடிப்போன ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக் கொட்டகையை எடுத்து, அதில் தானியத்துக்கு உமி நீக்கும் மெஷின் ஒன்றைப் போட்டிருந்தார்கள். எட்டு வருடமாகச் சங்கத்தாரின் நிலங்களில் உப்பு உரமும் பூச்சிமருந்தும் கிடையாது. முதலாளி என்று யாரும் கிடையாது. மெஷினில் முறை வைத்து வேலை. தலைவி என்பதற்காகப் பொன்மணிக்குக் கொட்டகை கூட்டும் முறையில் விலக்கு இல்லை. எந்த முடிவும் எல்லாரும் கை தூக்கித்தான் எடுப்பார்கள். அவர்களுடைய குதிரைவாலியையும் உளுந்தையும் சென்னையில் குழந்தைகளுக்குச் சத்துமாவு தயாரிக்கும் ஒரு பெண்கள் குழு மொத்தமாக எடுத்துக்கொண்டது. ஒரு தடவை அந்தக் குழுவினர், மாவு சாப்பிடும் பிள்ளைகளின் போட்டோக்களை அனுப்பியிருந்தார்கள். வாயெல்லாம் கஞ்சியாகச் சிரிக்கும் அந்தப் பிள்ளைகளைக் கொட்டகைச் சுவரில் ஒட்டியவள் பெத்தம்மாள்.

பெத்தம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் இறந்து ஒன்பது வருடம். ஒரே மகன் திருப்பூரில் குடும்பத்தோடு இருந்தான். மூன்று ஏக்கரையும் அவள் தனியாகவே பார்த்தாள். அன்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கோவில்பட்டிக்குப் போயிருந்தாள். மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பஞ்சை வைத்து ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பொன்மணி அங்கேயே காத்து நின்றாள்.

பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில், இதை யாரிடமும் சொல்லாமல் விட்டால் என்ன என்றும் பொன்மணி நினைத்தாள். சங்கத்தில் யாரும் பார்க்கவில்லை. லிங்கராஜுக்கு இதைச் சொல்லித் திரிய வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பெண்ணோ வெளியூர்க்காரி. நாளைக்கே ஒரு மழை பெய்து கழுவிவிட்டாலும் விடும். ஆனால் பெத்தம்மாளின் முகத்தைப் பார்த்ததும் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள்.

பெத்தம்மாளால் வாயைத் திறக்க முடியவில்லை. எவ்வளவு தூரத்துக்கு என்று கையால் கேட்டாள். பொன்மணி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள், பிறகு சரியாகத் தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

பெத்தம்மாள் வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு, இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தாள். ஓடைப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் கிடந்தது. அதில் மொண்டு வந்து, வடக்கு ஓரத்துக் குதிரைவாலிக் கதிர்கள் மேல் கை கையாக அள்ளித் தெளித்தாள். கதிர்களில் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. ஒவ்வொரு கதிரையும் உள்ளங்கையில் வைத்து, பிள்ளைக்கு முகம் கழுவுவதுபோல் கழுவினாள். மூன்று ஏக்கர்.

இதனால் ஒன்றும் ஆகாது என்று பொன்மணிக்குத் தெரியும். சொல்லாமல் மற்றக் குடத்தை எடுத்துக்கொண்டாள். பொழுது சாயும் வரை இரண்டு பேரும் தண்ணீர் சுமந்தார்கள். நான்கு வரிசை முடிந்திருந்தது. பெத்தம்மாள் வரப்பில் உட்கார்ந்து, வாயிலிருந்த பஞ்சை எடுத்து எறிந்தாள். அதில் ரத்தம் ஊறியிருந்தது.

"இது போதுமாட்டி?" என்று குழறலாகக் கேட்டாள்.

"பாப்போம் சித்தி" என்றாள் பொன்மணி.

மறுநாள் காலையில் சங்கச் செயலாளர் அழகிரிசாமியிடம் போனாள். அவர் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சங்கத்துக்கு எழுத்து வேலை எல்லாம் அவர்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ பாக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா."

"பாத்துட்டேனே அண்ணாச்சி."

"ஆமா. பாத்துட்ட."

அறுவடைக்குப் பிறகு பெத்தம்மாளின் தானியத்தைத் தனியாக வைத்து, மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. இதற்கிடையில் இருவரும் வேளாண்மை அலுவலகத்துக்கும் போய்வந்தார்கள். அங்கிருந்த அதிகாரி அவர்களை உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்துக் கேட்டார். ட்ரோன் பதிவு செய்யப்பட்டது. ஓட்டிய பெண் பயிற்சி பெற்றவள். மருந்து அனுமதிக்கப்பட்டது. காற்றும் அளவுக்குள் இருந்திருக்கிறது. இதில் யார் மேல் என்னவென்று எழுதுவது என்று அவர் கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

தை பிறந்து பத்தாம் நாள் சோதனை முடிவு அழகிரிசாமியின் போனில் வந்தது. மருந்து இருந்தது.

"கொஞ்சந்தான். கடையில விக்கிற சரக்குல இதவிட எவ்வளவோ கூட இருக்கும்" என்றார் அவர்.

"நாம கடையில விக்கிற சரக்கு விக்கலயே அண்ணாச்சி."

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் கூட்டம். எல்லாரும் வந்திருந்தார்கள். பெத்தம்மாள் வாசலுக்குப் பக்கத்தில், உமி மூட்டைகளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அழகிரிசாமி சங்கத்தின் முதல் நோட்டை எடுத்து அந்த விதியை வாசித்தார். மருந்து பட்ட நிலம் மூன்று வருடத்துக்குச் சங்கத்துக்கு வெளியே இருக்க வேண்டும்; அதன் விளைச்சல் மெஷினுக்குள் வரக்கூடாது.

"மருந்து அடிச்ச நிலம்னுதான இருக்கணும்?" என்றான் சாமித்துரை. சங்கத்தில் வயதில் இளையவன் அவன். "அடிச்சவனத்தான தள்ளி வைக்கணும். மேல வந்து விழுந்ததுக்கு சித்தி என்ன செய்வாவ?"

எல்லாரும் பொன்மணியைப் பார்த்தார்கள். எட்டு வருடத்துக்கு முன்பு முதலில் 'அடித்த' என்றுதான் எழுதினார்கள். அதை அழிக்கச் சொல்லி 'பட்ட' என்று மாற்றவைத்தவள் பொன்மணி. அடித்தது நான் இல்லை, என் தம்பி அடித்தான், குத்தகைக்காரன் அடித்தான் என்று நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். தின்னும் பிள்ளைக்கு யார் அடித்தார்கள் என்பதா முக்கியம் என்று அன்றைக்கு அவள் கேட்டிருந்தாள். அது நல்ல பேச்சு என்று எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டியவர்களில் பெத்தம்மாளும் ஒருத்தி.

"அந்த வார்த்தைய மாத்திருவோம்" என்றான் சாமித்துரை. "நாமதான எழுதுனோம்."

"மாத்துனா தானியத்துல இருக்கிற மருந்து போயிருமா?" என்று பொன்மணி கேட்டாள். அதைச் சொன்ன தன் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

பிறகு ஒருவர், சென்னைக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார். அழகிரிசாமி ஏற்கெனவே கேட்டிருந்தார். அந்தப் பெண்கள் வருத்தப்பட்டார்கள். பெத்தம்மாளை அவர்களுக்கும் தெரியும். போட்டோ ஒட்டியது அவள்தான் என்றும் தெரியும். ஆனால் அந்த மூட்டைகளை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்ப, பெத்தம்மாள் காட்டை மூணு வருசத்துக்கு வெளிய வைக்கச் சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் அழகிரிசாமி.

ஒரு கையும் எழவில்லை. பொன்மணியும் தன் கையை மடியிலேயே வைத்திருந்தாள். அப்போது வாசல் பக்கத்தில் பெத்தம்மாள் தன் கையை உயர்த்தினாள். நேராக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல உயர்த்தி வைத்திருந்தாள்.

"தூக்குங்க" என்றாள். "எனக்குக் கை வலிக்குது."

ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். சாமித்துரை கடைசியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கினான். கூட்டம் கலைந்தபோது இரண்டு மூன்று பெண்கள் அழுதார்கள். பெத்தம்மாள் அழவில்லை. போகிற வழியில், "நான் என்ன தப்புட்டி செஞ்சேன்?" என்று மட்டும் பொன்மணியிடம் கேட்டாள். குறை சொல்வதாக இல்லை அந்தக் குரல். தெரிந்துகொள்ளக் கேட்பதாகவே இருந்தது.

"ஒண்ணும் செய்யல சித்தி."

"ஒண்ணும் செய்யலன்னா, பெறகு ஏன்?"

பொன்மணி அவளோடு வீடு வரைக்கும் நடந்தாள்.

பெத்தம்மாளின் குதிரைவாலியைக் கோவில்பட்டி வியாபாரி ஒருவர் மற்றச் சரக்கோடு சேர்த்து எடுத்துக்கொண்டார். நிலம்தான் வெளியே, அவள் சங்கத்தின் ஆள்தான், மெஷினில் அவளுடைய முறை அப்படியே இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் தன் முறைக்கு வந்தாள். வந்தவள் வாசலில் நின்று சேலையை நன்றாக உதறினாள். கையையும் காலையும் கழுவினாள். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தாள். அப்படிச் செய்யும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. உள்ளே வந்தும் தானியத்தைத் தொடாமல் மூட்டை தைக்கும் வேலையை மட்டும் பார்த்தாள். "ஏன் சித்தி, அதெல்லாம் வேண்டாம்" என்று பொன்மணி சொன்னபோது, "இருக்கட்டும், எனக்கு மனசுக்குச் சரின்னு படல" என்றாள். மூன்று முறை வந்தாள். நான்காவது முறைக்கு வரவில்லை.

ஆடி மாதத்தில், பெத்தம்மாள் தன் மூன்று ஏக்கரையும் லிங்கராஜுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டாள் என்று தெரிந்தது. பொன்மணி அவள் வீட்டுக்குப் போனாள். பெத்தம்மாள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"மக்காச்சோளமா போடப் போறான்?"

"வேற என்ன போடுவான்."

"மூணு வருசம் பொறுத்திருக்கலாமே சித்தி. இன்னும் ரெண்டரை வருசந்தான."

பெத்தம்மாள் கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்: "நான் மருந்து அடிக்காம ரெண்டு வருசம் இருக்கேன்னு வச்சுக்க. அவன் அடிப்பான். காத்து வரும். திரும்பவும் மூணு வருசம்னு மொதல்லேருந்து ஆரம்பிக்கும். வாடைக்கு எங்கிட்டுப் போயி நான் வேலி போட? எனக்கு ஒடம்பு இருக்கிற வரைக்கும் இப்படியேதான் எண்ணிக்கிட்டு இருக்கணுமா?"

பொன்மணியும் ஒரு கொப்பை எடுத்து உருவத் தொடங்கினாள். எங்கேயாவது ஒரு இடத்தில் பெத்தம்மாள் சொன்னது தப்பாக இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று தேடினாள். அப்படி ஓர் இடமும் அகப்படவில்லை.

"உன்மேல எனக்குக் கோவம் இல்லட்டி" என்றாள் பெத்தம்மாள். "இருந்தாத்தான் நல்லா இருந்திருக்கும்."

அந்த வருடம் ஐப்பசியில் லிங்கராஜ் பெத்தம்மாளின் காட்டில் மக்காச்சோளம் விதைத்தான். அதற்கு நேர் தெற்கே பொன்மணியின் காடு. அதில் அவள் இந்தத் தடவை குதிரைவாலி போட்டிருந்தாள். நடுவில் ஒரு வரப்புதான்.

கார்த்திகைக் கடைசியில் லிங்கராஜே அவள் வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை நாலு நாள் முன்னதாகவே சொல்ல வந்திருந்தான்.

"இருபது வரிசைய விட்டுட்டு அடிக்கிறதா பேசியிருந்தோமே தம்பி."

"போன வருசம் அதுக்குப் பெறகு விட்டுத்தான் அடிச்சேன் மதினி. விட்ட வரிசையிலேருந்துதான் புழு பூராவும் பரவுச்சு. பாதிக் காடு போச்சு. இந்த வருசம் விட முடியாது." தலையைக் குனிந்துகொண்டான். "காத்து இல்லாத நேரமாப் பாத்து அடிக்கச் சொல்லுதேன். வேற என்ன செய்யணும்னு நீங்க சொன்னாலும் செய்யுதேன்."

பொன்மணி காப்பி போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் போனான்.

அழகிரிசாமி யாரையெல்லாமோ விசாரித்தார். நடுவில் ஐம்பது அடி வெற்றிடம் விட்டால் போதும் என்றார் ஒருவர். நூறு அடியாவது வேண்டும் என்றார் இன்னொருவர். பொன்மணி முத்துச்செல்விக்குப் போன் செய்தாள். "எனக்குச் சொல்லிக் குடுத்த அளவு இருக்குக்கா. ஆனா உங்க சித்தி காட்டுப் பக்கத்துல அன்னைக்கு அந்த அளவுக்குள்ளதான அடிச்சேன். அதான், என்ன சொல்லன்னு தெரியல" என்றாள்.

பொன்மணி மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். அந்த வெற்றிடத்துக்காக, வடக்கு ஓரத்தில் பால் கதிராக நின்ற தன் குதிரைவாலியை அறுக்கத் தொடங்கினாள். மாட்டுக்குப் போடலாம், வேறு எதற்கும் ஆகாது. இன்னும் இருபத்தைந்து நாள் நின்றிருந்தால் முற்றியிருக்கும். கதிர்கள் கையில் ஈரமாக மோதின. ஒரு வரிசை முடிக்கும் முன்பே அவளுக்கு மூச்சு வாங்கியது.

மூன்றாவது வரிசையில், வரப்பில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. பெத்தம்மாள். கையில் அவளுடைய அரிவாள். தன் காட்டில் ஆள் உயரத்துக்கு நின்ற மக்காச்சோளத்தை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. வரப்பிலேயே நின்று சேலையை உதறினாள்.

"உதற வேண்டாம் சித்தி. வாங்க."

பெத்தம்மாள் இறங்கி வந்து பக்கத்து வரிசையில் குனிந்தாள். இருவரும் பேசாமல் அறுத்தார்கள். வெயில் ஏறியபோது ஐம்பது அடி தாண்டியிருந்தது. அறுத்த பயிர் அவர்களுக்குப் பின்னால் பச்சையாகக் குவிந்து கிடந்தது. பெத்தம்மாள் இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள்.

"எதுவரைக்கும்ட்டி அறுக்கணும்?"

பொன்மணி மிச்சமிருந்த பயிரைப் பார்த்தாள். ஐம்பது அடி என்றும் சொன்னார்கள், நூறு என்றும் சொன்னார்கள். பெத்தம்மாள் குனிந்து அடுத்த வரிசையைப் பிடித்தாள்.